விருந்தாளிக் கல்

சின்னவள் நிலவியல் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அந்தத் தெருவில் முதலில் எழுந்தது சிரிப்புதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் அதை நிலாவைப் பற்றிய படிப்பு என்று எண்ணிக்கொண்டு, "ராக்கெட்ல எப்பம்மா ஏத்துவாங்க?" என்று மெனக்கெட்டு வந்து விசாரித்தார். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு என்று விளக்கியதும் அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "அது இங்கேயே கெடக்குதே, அதுக்கு எதுக்கு பஸ் ஏறிப் போகணும்" என்றார். அம்மாவுக்கும் உள்ளூரக் குறைதான். யாராவது கேட்டால் "சயின்ஸ் படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பெருமைப்பட்ட ஒரே ஆள் அக்காவின் கணவர். பேக்கரி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்பதால் படித்தவர்கள் மேல் அவருக்கு ஒரு பித்து உண்டு. மருந்துக்கடைக்காரர் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால்கூட மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்பார். முதல் பரீட்சையில் சின்னவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தபோது, அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து, "எங்க வீட்டுப் பாறை டாக்டர்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அவள் டாக்டர்தான். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் மலை. மலை என்று சொன்னால் கொஞ்சம் அதிகம், மேடு என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், அவ்வளவு உயரம். தெருவின் ஒரு சாரி வீடுகள் எல்லாமே அதன் காலடியில்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எதிர்ச்சாரி சமதளம், தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம்.

போன கோடை விடுமுறைக்குச் சின்னவள் வந்திருந்தபோது பேக்கரிக்காரர் ஒரு திட்டத்தோடு இருந்தார். பழைய அடுப்புக்கும் மாவு பிசைகிற மேஜைக்கும் நடுவில் ஆள் திரும்ப இடமில்லை. அக்கா, அதாவது பெரியவள், இடுப்பில் எப்போதும் ஒரு சூட்டுத் தழும்போடுதான் இருப்பாள். பின்பக்கத்து மலைச்சரிவைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் பெரிய அடுப்புக்கு ஒரு அறை கட்டலாம்; அதற்கு மேல் அம்மாவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் படுக்க ஒரு அறை போடலாம்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "மலையைச் சொறிஞ்சு விடாதீங்க மாப்பிள்ளை. அது பாட்டுக்குக் கெடக்கு" என்றாள்.

"வீட்டுலயே டாக்டர் இருக்கும்போது நமக்கு எதுக்குப் பயம் அத்தை? டாக்டர், போய் நாடி புடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு."

அப்போதுதான் அவள் முதல் களப்பணி முகாம் முடித்து வந்திருந்தாள். இடுப்பில் சுத்தியல் தொங்க, கையில் காம்பஸ் வைத்துக்கொண்டு நடப்பதில் ஒரு தனி மிதப்பு இருந்த நேரம். குடும்பமே கொல்லையில் நின்று அண்ணாந்து பார்க்க, சரிவில் ஏறினாள். கொஞ்ச உயரத்தில் ஒரு வேன் அளவுக்குப் பாறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்ததும் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. காம்பஸை வைத்துச் சாய்வை அளந்தாள். அடுக்குகள் மலைக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

முகாமில் தலைகீழாகப் பாடம் பண்ணவைத்த கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கல்லில் கை வைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது வீட்டுக்கல்லா, விருந்தாளிக் கல்லா? மலையோடு வேர்விட்டு நிற்பது வீட்டுக்கல். எங்கோ மேலிருந்து உருண்டோ சரிந்தோ வந்து உட்கார்ந்திருப்பது விருந்தாளிக் கல். விருந்தாளியிடம் மலையைப் பற்றி விசாரிக்கக் கூடாது. அது தன் ஊர்க் கதையைத்தான் சொல்லும். தெரிந்துகொள்ள ஒரே வழி, கல்லின் அடியைத் தோண்டிப் பார்ப்பது.

அந்தப் பாறையின் அடியைப் புதர் மூடியிருந்தது. இடுக்கில் கொஞ்சம் மண்ணும் தெரிந்தது. இறங்கி விலக்கிப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கீழே மாமா நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு அறிவிக்கப் போகிற மேடையைப் பார்க்கிற முகம்.

"உள்பக்கம் சாயுது மாமா," என்று மேலேயிருந்தே சொன்னாள். "அலமாரித் தட்டை உள்பக்கமாச் சரிச்சு வச்ச மாதிரி. வழுக்கி வெளிய வராது. தாராளமா வெட்டலாம்."

அம்மா மறு பேச்சுப் பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை, அன்று சாயங்காலமே தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "எம் பொண்ணு மெஷினை வச்சு அளந்து பாத்துட்டா, ஒரு ஆபத்தும் இல்ல" என்று ஆரம்பித்துவிட்டாள். சயின்ஸ் என்று சொல்லி நழுவிய அம்மா அல்ல இவள்.

*

மூன்றாம் வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு நிலப்பகுதியை அங்குலம் அங்குலமாக நடந்து வரைபடம் போட்டாக வேண்டும். சின்னவள் சொந்தத் தெரு மலையையே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கவலையில்லை என்பதுதான் காரணம். விட்டு விட்டு வார விடுமுறைகளில் போய், ஓடைப் படுகையிலும் சாலை வெட்டிலும் உச்சியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அளவெடுத்துக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்குப் பின்னால் மட்டும் போகவில்லை. அதுதான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே.

மழைக்காலம் ஆரம்பித்தபோது வரைபட அறையில் உட்கார்ந்து, மலையைக் கத்தியால் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று வரைகிற வேலை நடந்தது. நீண்ட மேஜை, இரண்டு பேருக்கு ஒரு விளக்கு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்கிற பையனுக்கு ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வந்த பட்டம்.

அவன் தன் தாளை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு அவளுடையதை எட்டிப் பார்த்தான்.

"என்னது இது? எல்லா அடுக்கும் தெருப் பக்கமா சாயுது. இது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் பாக்குது."

"அது எங்க வீட்டுப் பின்னாடி."

"மத்த எல்லாத்துக்கும் ஒரு புத்தி, இதுக்கு மட்டும் ஒரு புத்தியா? ஒண்ணு மலைக்குப் பைத்தியம், இல்ல அளந்தவங்களுக்கு." அவன் விரலால் அந்தப் புள்ளியைத் தட்டினான். "அடியைத் தோண்டிப் பாத்தியா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"விருந்தாளியா இருக்கும். அழிச்சுட்டுப் போ. ஒரு அளவு போனா மார்க் ஒண்ணும் குறையாது. இந்தா," என்று ரப்பரை நீட்டினான். நல்ல மனதோடுதான் நீட்டினான்.

ரப்பரைக் கையில் வாங்கியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் படம் கச்சிதமாகப் பொருந்தியது. மலை முழுக்க அடுக்குகள் தெருவை நோக்கிச் சாய்ந்து, சாய்த்துப் பிடித்த சீட்டுக்கட்டு மாதிரி இருந்தது. கீழ்ச் சீட்டு நழுவாமல் எது தாங்கிக்கொண்டிருந்ததோ அதைத்தான் மாமா வெட்டி எடுத்திருந்தார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. போன வாரம் அக்கா போனில் புலம்பியிருந்தாள். "புது அடுப்புல கேக்கு ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெலிசா வருதுடி. கொத்தனார் வந்து தளத்துக்கு மட்டம் பாத்துச் சரி பண்ணிட்டுப் போனாரு. சரியா வந்துச்சு. இப்ப மறுபடியும் அதே கதை. இவரு தட்டுக்கு அடியில அட்டையை மடிச்சு வச்சுச் சமாளிக்கிறாரு." முதல் கோணல் முற்றும் கோணல் என்று சொல்லி இவள் சிரித்திருந்தாள். கேக் மாவு தண்ணீர் மாதிரிதான், எங்கே வைத்தாலும் மட்டமாக நிற்கும். சாய்ந்தது மாவு இல்லை. அறை.

வராந்தாவுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, புது ரூம்ல யாரும் இருக்காதீங்க. பிள்ளைங்களை மேல ஏத்தாத."

"என்னடி? மிக்ஸர் ஓடுது, மழை வேற தகரத்துல கொட்டுது, ஒண்ணும் காதுல விழல. நாளைக்கு ஒரு கல்யாண ஆர்டர், தலைக்கு மேல வேலை. அப்புறம் பேசறேன்."

வரைபடத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு, சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னவள் பஸ் ஏறினாள்.

*

வழி நெடுக மழை. ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தெருமுனையில் இறங்கியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வழக்கமாகக் குனிந்துகொண்டு கடைக்குள் ஓடிவிடுவாள். அன்று எதிர்ச்சாரியில் நின்று வீடுகளின் இடைவெளி வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மாமா வெட்டிய இடம் மட்டும் இல்லை. தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்தது. அதற்கடுத்த சைக்கிள் கடைக்குப் பின்னாலும். அதற்கும் அடுத்ததிலும். சிவப்பாக, பச்சைப் புண் மாதிரி வரிசையாகத் தெரிந்தது.

தையல்காரர் வாசலில் நின்று கழுத்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உன் புண்ணியத்துல நானும் ஒரு ரூம் எறக்கிட்டேன். இனிமே ரெண்டு மெஷினும் பின்னாடிதான்."

"எப்பண்ணே வெட்டினீங்க?"

"நீ சொன்ன மறு மாசமே. உங்கம்மா சொன்னாங்களே, நீ அளந்து பாத்து கேரண்டி குடுத்துட்டேன்னு. அப்புறம் என்ன யோசனை?"

ஒரு வார்த்தைக்குக் கால் முளைத்தால் எவ்வளவு தூரம் நடக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்து வழியாகப் பின்பக்கம் போனாள்.

புது அறையின் சுவருக்கும் வெட்டிய சரிவுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம். அங்கே சரிவின் அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊறினால் பாதகமில்லை, கலங்கலாக ஊறியது. உள்ளேயிருந்து களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மேலே ஏறி, அந்த வேன் பாறையின் அடியில் புதரைப் பிய்த்து எறிந்தாள். சுத்தியலின் கூர்முனையால் கொத்தினாள். பாறை உள்ளே போகவில்லை. முழங்கை ஆழத்திலேயே அதன் அடி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே மண், வேர், மறுபடியும் மண். பிறகு சுத்தியல் எதிலோ பட்டு உலோகச் சத்தம் வந்தது.

விரலால் தோண்டி எடுத்தாள். எனாமல் தட்டு ஒன்று. காகிதத்தை மடித்தது மாதிரி இரண்டாக நசுங்கியிருந்தது. ஓரத்தில் நீலக் கரை அழியாமல் இருந்தது.

பாறை என்றால் கோடி வருடக் கணக்கு என்றுதான் படித்திருந்தாள். இந்தப் பாறை யாரோ சாப்பிட்ட தட்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. மலை இதற்கு முன்னாலும் இறங்கியிருக்கிறது, மனிதர்கள் குடியிருந்த இடத்தின் மேல். சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லையோ என்னவோ, தெருவில் யாருக்கும் அந்த நினைவு இல்லை.

*

உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த வாடை கதகதவென்று இருந்தது. பெரியவள் மாவை அடித்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மாடிப் படியில் உட்கார்ந்து உடைந்த பிஸ்கட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர் புது அடுப்பின் வாயில் குனிந்து நின்றவர், அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, டாக்டர். சரியான நேரத்துக்கு வந்த. மூணு அடுக்குக் கேக்கு, ஒரு அடுக்குகூட நேரா நிக்க மாட்டேங்குது. இந்தக் கொத்தனார் கட்டினது அடுப்பா ஊஞ்சலான்னு தெரியல."

"மாமா, அடுப்பை அணைங்க. எல்லாரும் வெளிய போகணும்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மலை வெளிப்பக்கமா சாயுது. இந்த ரூம் நகருது. அதான் கேக்கு சாயுது."

மிக்ஸரை யாரோ நிறுத்தினார்கள். மழைச் சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்டது.

பேக்கரிக்காரர் நிமிர்ந்து கையைத் துண்டில் துடைத்தார். "கோடையில பாத்தப்ப உள்பக்கம் சாயுதுன்ன. இப்ப வெளிப்பக்கம்ங்கிற. நடுவுல என்ன, மலை திரும்பிப் படுத்துக்கிச்சா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்து, தங்கையின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

"நான் அளந்தது மலையை இல்ல மாமா. மேலயிருந்து வந்து விழுந்த ஒரு கல்லை."

"யானைக்கும் அடி சறுக்கும், எனக்குப் புரியுது. ஆனா அப்ப சறுக்குச்சா, இப்ப சறுக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்ப நீ தெளிவா இருந்த. நல்ல வெயில்ல, நிதானமா ஏறி, மெஷினை வச்சு அளந்து சொன்ன. இப்ப பாரு, மழையில நனைஞ்சு, ராப்பகலா படிச்சுக் கண்ணு உள்ள போயி நிக்கிற. நான் எதை நம்பட்டும்?"

"என்னங்க, ஒரு நாளைக்குப் போய் இருந்துட்டு வந்தாத்தான் என்ன?" என்றாள் பெரியவள்.

"கல்யாணம் நாளைக்குடி. அவங்க வீட்டுல போயி, கேக்கு இல்ல, மலை நகருதுன்னு சொல்லவா? நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னா போ. நான் இதை முடிக்காம நகர மாட்டேன்."

அம்மா எண்ணெய்க் கையோடு பக்கத்தில் வந்தாள். சின்னவள் கையிலிருந்த நசுங்கின தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் அதன் நீலக் கரையைத் துடைத்தாள்.

"இது எங்க கெடந்துச்சு?"

"அந்தக் கல்லுக்கு அடியில."

"அடியிலயா, பக்கத்துலயா?"

"அடியிலம்மா."

அம்மா தட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். "எத்தனை பேருகிட்டச் சொன்னேன் தெரியுமாடி? அந்த ரூம்ல மொதல் வாரம் எனக்குத் தூக்கமே வரல. எம் பொண்ணு சொல்லியிருக்கா, சொல்லியிருக்கான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுப் படுத்தேன். அப்புறம்தான் ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இந்தத் தடவை நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப வா."

*

முதலில் சின்னவளே தையல்காரரிடம் பேசினாள். அடுக்கு, சாய்வு, களிமண், கலங்கல் தண்ணீர் என்று படித்ததையெல்லாம் எளிமையாகத்தான் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இல்லம்மா, நீ மொதல்ல சொன்னதுதான் எனக்குச் சரியாப்படுது" என்றார். "பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு இப்படித்தான் சந்தேகம் வந்துக்கிட்டே இருக்கும். நீ வீட்டுக்குப் போய்ச் சூடா ஏதாவது குடி."

வேண்டியவர் சொன்ன நல்ல சேதியை விட்டுக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. சைக்கிள் கடையிலும் அதேதான் நடந்தது. அங்கே அவளுடைய படிப்பைப் பாராட்டி உட்கார நாற்காலி வேறு போட்டார்கள்.

அம்மா பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடை வாசலில் சட்டென்று மகளை விலக்கி முன்னால் வந்தாள்.

"அவ சொல்ல வெக்கப்படுறா. நான் சொல்றேன். இவ ஃபெயிலாயிட்டா."

"யாரு?"

"இவதான். ஒண்ணுல ரெண்டுல இல்ல, எல்லாத்துலயும். படிப்பு ஏறல. காலேஜ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு மெஷினைத் தலைகீழாப் புடிச்சு அளந்திருக்கா, அதுகூடத் தெரியாம. அதை நம்பி நாம எல்லாரும் மலையை வெட்டி வச்சிருக்கோம்."

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். ஜாக்கெட் தோளெல்லாம் நனைந்து, குரல் கொஞ்சமும் பிசகாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை தன் பெருமையை எடுத்துத் தெருவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவள் தெருவுக்குச் சொன்ன மலைக் கணக்கு ஒன்றுகூட எடுபடவில்லை. இது எடுபட்டது. பெண் பிள்ளை ஃபெயிலாகிவிட்டாள் என்பதை நம்புவதற்கு யாருக்கும் காம்பஸ் தேவைப்படவில்லை. சைக்கிள் கடைக்காரர் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. தன் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தையல்காரர், "அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு மெஷினைத் தூக்கினார். அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் அம்மா அதையே சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் சின்னவளின் மார்க் குறைந்துகொண்டே போனது. கடைசி வீட்டில் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிவதே சந்தேகம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

"ஆமாங்க," என்றாள் சின்னவள், யாரோ அவளையே கேட்டபோது. "ஃபெயில்தான்."

வெளிச்சம் மங்குவதற்குள் அந்தச் சாரி முழுக்கக் காலியாகிப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பாய்களோடும் பாத்திரங்களோடும் நின்றது. பெரியவளும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். வராத ஒரே ஆள் பேக்கரிக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் அவர் கடை விளக்கு மட்டும் தெருவில் தனியாக எரிந்தது. அம்மாவின் பொய்யை அவர் ஒருவரால்தான் நம்ப முடியாது. முதலாவதாக வந்தவளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தவர் அவர்.

சின்னவள் திரும்ப ஓடினாள். கடைக்குள் நுழைந்தபோது எங்கோ சுவருக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. அவர் கடைசி அடுக்கின் மேல் கிரீமை வழித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை நல்லாத்தான் நடிக்கிறாங்க," என்றார் தலை நிமிராமல். "ஊரே நம்பிருச்சு. எனக்குத் தெரியாதா உன்னைப் பத்தி? நீ கணக்குல ஒரு புள்ளியைத் தப்பா வைக்க மாட்ட. நீ அன்னைக்கு அளந்து சொன்னது எனக்குப் போதும். இப்ப வந்திருக்கிறது வெறும் பயம்."

"மாமா, நான் அன்னைக்கு அளக்கும்போதே எனக்குத் தெரியும்."

கிரீம் கத்தி நின்றது.

"என்ன தெரியும்?"

"கல்லுக்கு அடியில மண்ணு தெரிஞ்சுது. தோண்டிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். அதான் மொத பாடமே. இறங்கித் தோண்டியிருந்தா கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்." அவள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "நீங்க கீழ நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்த நேரத்துல எனக்குத் தெரியலன்னு சொல்லப் பிடிக்கல. உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொன்னேன். நான் தப்பா அளக்கல மாமா. மலையை அளக்காமயே சொன்னேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முன்பின் தெரியாத ஒருத்தி கடைக்குள் வந்து நிற்பதைப் பார்ப்பது போல் வெகு நேரம் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் சுண்ணாம்பு உதிர்கிற சத்தம் கேட்டது.

பிறகு கத்தியைக் கிண்ணத்தின் விளிம்பில் துடைத்து வைத்தார். அடுப்பை அணைத்தார். பிசைந்த மாவின் மேல் ஈரத்துணி போட்டார், பழக்கம் விடவில்லை. கேக்கை எடுக்கவில்லை. விளக்கையும் அணைக்காமல் அவளைத் தாண்டி வெளியே போய் மழையில் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

வராந்தாவில் தையல்காரர் மனைவி சின்னவளைப் பார்த்து, "விடும்மா, எல்லாருக்குமா படிப்பு வருது? எங்ககூட வந்து தையல் கத்துக்க" என்றாள் நிஜமான அன்போடு. சின்னவள் தலையாட்டினாள். கூட்டத்துக்குள் போக மனமில்லாமல் படிக்குக் கீழேயே நின்றாள்.

அந்தச் சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து மாவு மூட்டைகளை அவசரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவது போலக் கேட்டது. அது நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், நிற்கவில்லை. தெருவிளக்குகள் அணைந்தன. கடை விளக்கும் அணைந்தது. மங்கலான வானத்தில் இத்தனை நாளும் தெரிந்த பேக்கரிப் புகைபோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல உள்ளே போனது. ஈர மண் வாடை குப்பென்று வந்தது.

யாரோ தலைகளை எண்ண ஆரம்பித்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, அதன் பின் நான்கைந்து பேர் சேர்ந்து அழுதார்கள். தையல்காரர், "ஃபெயிலான பொண்ணு வாயில வந்தது பலிச்சுப் போச்சே" என்று மெல்லச் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு பேரப்பிள்ளைகளையும் மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் வராந்தாத் தூணைப் பிடித்தபடி, கடை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் கிரீம் காய்ந்திருந்தது. சின்னவள் அவருக்கு எதிரில், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். மழை அவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. "மாமா" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

அவர் அவள் பக்கம் பார்க்காமல் மனைவியிடம் திரும்பினார்.

"உன் தங்கச்சி மழையில நிக்கிறா," என்றார். "உள்ள வரச் சொல்லு."